முன்னரே அறிந்தால் இரு உயிர் பிழைக்கும்

தோட்டத்துச் செடிகளுக்கு ரப்பர் குழாயால் நீர் பாய்ச்சியிருப்பீர்கள். குழாயின் நடுவே காலால் சற்று மிதித்தால் என்ன ஆகிறது? மறுமுனையில் நீர்வரத்து குறைந்துவிடுகிறது. மிதித்த இடத்துக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதி விறைத்துக்கொள்கிறது. பம்பு விடாமல் நீரைத் தள்ள முயன்றால் அதுவும் திணறும். குழாயின் இணைப்பும் பிய்த்துக்கொள்ளக்கூடும்.

நம் உடலில் இதயம்தான் பம்பு; தமனிகள் குழாய்கள். உடலெங்கும் உள்ள எண்ணற்ற சிறு தமனிகள் ஒரே நேரத்தில் இறுகிக்கொண்டால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். அதுவும், வயிற்றில் குழந்தையைச் சுமக்கும் ஒரு தாய்க்கு அது நேர்ந்தால்? தாயின் இரத்த அழுத்தம் சில நிமிடங்களில் ஏறிவிடும்; குழந்தைக்குப் போகும் இரத்தமோ குறைந்துவிடும். இரண்டு உயிர்கள் ஒரே நேரத்தில் ஆபத்துக்கு உள்ளாகும்.

இப்படிப்பட்ட ஆபத்தை உள்ளடக்கிய ஓர் அரிய பரம்பரை நோயைப் பற்றியும், அந்நோய் உள்ள பெண் கருவுறும்போது மருத்துவர்கள் அவளையும் குழந்தையையும் எவ்வாறு காக்கின்றனர் என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல் இதில் பல இடங்களில் எதிர்ப்படும்.

இரு மருத்துவர்கள் கண்ட ஒரே நோய்

1904-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவரான ஓய்கன் வான் ஹிப்பெல் என்பவர், விழித்திரையில் இரத்தக் குழாய்கள் சுருண்டு திரண்டு கட்டியாகும் ஒரு விந்தையான நோயைப் பற்றி எழுதினார். 1926-இல் ஸ்வீடன் நாட்டு நோய்க்குறியியல் அறிஞர் ஆர்விட் லிண்டாவ், சிறுமூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றும் இரத்தக் குழாய்க் கட்டிகளை ஆராய்ந்தார். கண்ணில் தோன்றும் கட்டியும் சிறுமூளையில் தோன்றும் கட்டியும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை அவர் உணர்த்தினார். எனவே இருவர் பெயராலும் இது ‘வான் ஹிப்பெல்–லிண்டாவ் நோய்’ எனப்படுகிறது.

ஏறத்தாழ 36,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது. விழித்திரை, சிறுமூளை, தண்டுவடம், சிறுநீரகம், கணையம், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆகிய இடங்களில் கட்டிகள் தோன்றலாம். மூளையிலும் கண்ணிலும் தோன்றும் கட்டிகள் புற்றுநோய் அல்ல. அவை பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஆனால் இருக்கும் இடத்தில் வளர்ந்து, அருகிலுள்ளவற்றை அழுத்தித் துன்பம் தரும். சிறுநீரகக் கட்டிகளோ புற்றுநோயாக மாறக்கூடியவை.

இந்நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் இருபது முதல் முப்பது வயதுக்குள் வெளிப்படத் தொடங்குகின்றன. ஒரு பெண் தாயாகும் வயதும் அதுதான் அல்லவா? இந்த இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேர்வதால்தான் மகப்பேறு பற்றிய கேள்வி இந்நோயில் இவ்வளவு முக்கியமாகிறது.

நாணயம் சுண்டும் இயற்கை

நம் ஒவ்வொரு செல்லிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. இவற்றில் மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் உள்ள ஒரு மரபணு (ஜீன்) பழுதுபடுவதே இந்நோய்க்குக் காரணம் என்பது 1993-இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. நோயுள்ள தாயிடம் ஒரு பிரதி நல்லது, மற்றது பழுதுபட்டது. குழந்தைக்கு அவள் இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறாள். எது போகும் என்பது நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போன்றது. குழந்தை பழுதுபட்ட பிரதியைப் பெறும் வாய்ப்பு 2-இல் 1.

இங்கே பலரும் செய்யும் ஒரு பிழையைச் சுட்ட வேண்டும். ‘முதல் குழந்தை தப்பிவிட்டது, எனவே இரண்டாவது குழந்தைக்கு நோய் வந்தே தீரும்’ என்று சிலர் எண்ணுவர். நாணயத்துக்கு நினைவாற்றல் இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு புதிதாக 2-இல் 1 தான். இன்னொன்று: நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னர் யாருக்கும் நோய் இருந்ததில்லை, பழுது அவர்களிடமே புதிதாகத் தோன்றியது. ஆகவே ‘எங்கள் குடும்பத்தில் இல்லை’ என்ற ஒரு சொல்லால் ஐயத்தைத் தள்ளிவிட முடியாது.

சரி, பழுதுபட்ட பிரதி உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும்போது, கட்டி மட்டும் ஏன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றுகிறது? இதற்கு விடை தந்தவர் அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் நட்சன். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் வேறொரு புற்றுநோயை ஆராய்ந்து, 1971-இல் அவர் ‘இரு அடி’க் கருத்தை வெளியிட்டார். இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் கட்டி தோன்றும். பரம்பரையாக ஒரு பிரதி ஏற்கெனவே கெட்டிருப்பவருக்கு, ஏதேனும் ஒரு செல்லில் மற்ற பிரதியும் தற்செயலாகக் கெட்டால் போதும். கோடிக்கணக்கான செல்களில் சிலவற்றில் அது நிகழ்ந்துவிடுகிறது. இரண்டு பூட்டுகள் உள்ள கதவில் ஒன்று முன்பே உடைந்திருப்பதை ஒத்தது இது.

மூச்சுத் திணறுவதாக எண்ணும் செல்

அந்த மரபணு என்ன வேலை செய்கிறது? ஆக்சிஜன் குறையும்போது ஒவ்வொரு செல்லும் ‘ஹிஃப்’ என்ற புரதத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அது புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும்படி ஆணையிடுகிறது. ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போது, நாம் பேசும் மரபணுவிலிருந்து உண்டாகும் புரதம், ஹிஃப்பைப் பற்றி அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. ஆணையும் நின்றுவிடுகிறது.

இந்த மரபணுவின் இரு பிரதிகளும் கெட்ட செல்லில் ஹிஃப்பை அழிப்பார் இல்லை. நல்ல காற்று இருந்தும் அந்தச் செல் மூச்சுத் திணறுவதாகவே எண்ணி, ‘இரத்தக் குழாய் வேண்டும், இரத்தக் குழாய் வேண்டும்’ என்று ஓயாமல் கேட்கிறது. இந்நோயின் கட்டிகள் இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதன் காரணம் இதுவே. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த முறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த அறிவிலிருந்து மருந்தும் பிறந்தது. ஹிஃப் வகைகளில் ஒன்றைத் தடுக்கும் ‘பெல்சூட்டிஃபான்’ என்ற மாத்திரைக்கு 2021-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்நோய்க்காக ஒப்புதல் அளித்தது. கட்டிகளைச் சுருக்கும் இம்மருந்தைக் கருவுற்ற பெண்ணுக்குக் கொடுக்கலாமா? கூடாது. வயிற்றில் வளரும் சிசுவுக்கு இது தீங்கு செய்யக்கூடியது. எனவே மருந்தைத் தொடங்குமுன் அப்பெண் கருவுற்றிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்வர். சில ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளின் ஆற்றலையும் இம்மருந்து குறைத்துவிடுவதால், ஹார்மோன் அல்லாத வேறு முறையைக் கையாளச் சொல்வர். குழந்தை வேண்டும் என்று விரும்புபவர், மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரோடு கலந்து முன்னதாகவே திட்டமிட வேண்டும்.

கருவுற்ற உடலில் நிகழும் மாற்றங்கள்

கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தமும் அதற்கேற்பக் கூடுகிறது. நலமான உடல் இதை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். இரத்தக் குழாய்களே உருவான கட்டிகள் தலைக்குள்ளும் தண்டுவடத்திலும் இருக்கும்போது, இந்த மாற்றம் அவற்றை வளரச் செய்யுமா?

இக்கேள்வி பற்றி 2012-இல் இரு ஆய்வுகள் வெளிவந்தன. நெதர்லாந்து நாட்டுக் குழு ஒன்று, கருவுற்ற காலத்தில் சிறுமூளைக் கட்டிகள் விரைவாக வளர்கின்றன என்றது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தின் குழுவோ, கருவுறுதலால் கட்டிகளின் தோற்றமும் வளர்ச்சியும் கூடவில்லை என்றது. இரண்டும் நேர்மையான ஆய்வுகளே. பின் ஏன் இந்த வேறுபாடு? நோய் அரியது, ஆகவே ஆராயக் கிடைத்த தாய்மார்களும் சிலரே. பத்து முறை நாணயம் சுண்டினால் ஏழு முறை தலை விழுவது உண்டு. ஆயிரம் முறை சுண்டினால் அந்த விகிதம் நிலைக்காது. குறைந்த எண்ணிக்கையிலிருந்து பெறும் முடிவுகள் இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடும்.

அதுவரை மருத்துவர் என்ன செய்வார்? வளரும் என்று அஞ்சிக் கருத்தரிப்பைத் தடை செய்வதுமில்லை; வளராது என்று நம்பிக் கவனியாது விடுவதுமில்லை. கருவுறுவதற்கு முன்பே முழு உடலையும் ஆராய்ந்து, எந்தெந்த இடத்தில் என்ன அளவில் கட்டி உள்ளது என்று ஒரு வரைபடம் தயாரித்துக்கொள்கிறார். விழித்திரையில் சிறு கட்டி இருந்தால் லேசர் ஒளியால் முன்பே சுட்டுவிடலாம். சிறுநீரகக் கட்டி 3 செ.மீ. விட்டத்தை எட்டும்வரை பொதுவாகக் காத்திருந்து கவனிப்பர்; அதைத் தாண்டியிருந்தால் கருவுறுமுன் அகற்றிவிடுவது நல்லது. மூளையில் தொல்லை தரும் நிலையில் கட்டி இருப்பின் அதற்கும் முதலில் வழி தேடுவர். அளவு முன்பே தெரிந்திருந்தால்தான், பின்னர் அது வளர்ந்ததா இல்லையா என்பதை அளக்க முடியும். தொடக்க அளவீடு இல்லாத சோதனைக்குப் பயன் ஏது?

ஆரத்தின் நான்காம் படி

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பேராபத்துக்கு வருவோம். இந்நோயாளிகளில் சிலருக்கு அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் ‘ஃபியோகுரோமோசைட்டோமா’ என்ற கட்டி தோன்றுகிறது. இது நாரட்ரினலின் என்னும் ஹார்மோனை வேண்டாத நேரத்தில் இரத்தத்தில் கொட்டுகிறது. பாம்பைக் கண்டு திடுக்கிடும்போது நம் உடலில் ஒரு கணம் சுரக்கும் பொருள்களுள் இதுவும் ஒன்று. சிறு தமனிகளின் சுவரிலுள்ள தசைகளை இது இறுக்குகிறது.

எவ்வளவு இறுகினால் எவ்வளவு கெடுதி? பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840-ஆம் ஆண்டை ஒட்டி இதை அளந்தார். இயற்பியல் நூல்களில் இன்று நீங்கள் படிக்கும் அவருடைய விதி, இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்பிய ஒரு மருத்துவரின் உழைப்பில் விளைந்தது என்பதை மறவாதீர்கள். ஒரு குழாயின் வழியே ஒரு விநாடியில் பாயும் திரவத்தின் அளவு, குழாயின் ஆரத்தினுடைய நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்கிறது அவ்விதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமனியின் ஆரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைகிறது என்போம். புதிய ஆரம் 0.9 மடங்கு. அதன் நான்காம் படி 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.656. அதாவது, ஆரம் 10 விழுக்காடு குறைந்தால் ஓட்டம் ஏறத்தாழ 34 விழுக்காடு குறைந்துவிடுகிறது! பழைய அளவு இரத்தத்தையே செலுத்த வேண்டுமானால் அழுத்தத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்க வேண்டும். இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் அன்று. தமனியும் கண்ணாடிக் குழாய் அன்று. எனவே இக்கணக்கு தோராயமானதே. ஆனால் சிறிதளவு இறுக்கம் பெருத்த விளைவைத் தரும் என்ற உண்மையை அது தெளிவாகக் காட்டுகிறது.

அந்நேரத்தில் நோயாளிக்குத் தலை வெடிப்பது போல் வலிக்கும், வியர்வை கொட்டும், நெஞ்சு படபடக்கும். பாதரசத் தம்பம் 120 மி.மீ. காட்ட வேண்டிய இடத்தில் 200 மி.மீ.-ஐத் தாண்டுவதும் உண்டு. கருப்பைக்குச் செல்லும் தமனிகளும் இறுகுவதால் சிசுவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. வளர்ந்துவரும் கருப்பையே கட்டியை அழுத்தி ஹார்மோனைப் பிதுக்கிவிடவும் கூடும். சில நோயாளிகளுக்கு மல்லாந்து படுக்கும்போது அழுத்தம் ஏறுவது இதனால்தான்.

இதில் மருத்துவரை ஏமாற்றும் ஒரு சூழ்ச்சியும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுவது அரிதல்ல. 20 வாரத்துக்குப் பின் அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் காணப்படும் ‘பேறுகால வலிப்பு முன்னிலை’ என்ற நோய் பரவலாகத் தெரிந்த ஒன்று. ஆகவே அழுத்தம் ஏறியவுடன் மனம் அதையே நாடும். அட்ரீனல் கட்டி நினைவுக்கு வராது. 1970-க்கு முந்திய மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இக்கட்டியுடன் கருவுற்ற தாய்மார்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்திருந்தனர்.

இன்று நிலைமை வேறு. 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, இத்தகைய கட்டி இருந்த 249 கர்ப்பங்களை ஆராய்ந்தது. பிரசவத்துக்கு முன் கட்டி கண்டறியப்படாதவர்களுக்குத் தாய்க்கோ சிசுவுக்கோ பெருந்தீங்கு நேரும் வாய்ப்பு, கண்டறியப்பட்டவர்களைவிடப் பன்மடங்கு மிகுதி என்று அது காட்டியது. கணக்கில் வந்த எண் 27 மடங்கு. எண்ணிக்கை சிறியதாகையால் 27 என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

கண்டறியும் வழி கடினமானதும் அன்று. அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் ‘மெட்டநெஃப்ரின்’ என்ற பொருளை இரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அளந்தால் போதும். வழக்கமான கர்ப்பத்தால் இதன் அளவு பெரிதாக மாறுவதில்லை. எனவே கருவுற்ற நிலையிலும் சோதனையை நம்பலாம். வான் ஹிப்பெல்–லிண்டாவ் நோய் உள்ள பெண்ணுக்குக் கருவுறுமுன் ஒரு முறையும், கருவுற்றபின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மருந்துகளின் வரிசை

கட்டி இருப்பது தெரிந்தபின் கொடுக்கும் மருந்துகளில் வரிசை முறை மிக முக்கியம். நாரட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் இருவகை ஏற்பிகளின் மூலம் செயல்படுகின்றன. ஆல்ஃபா ஏற்பிகள் தமனிகளை இறுக்கும். பீட்டா ஏற்பிகள் இதயத்தை விரைவுபடுத்தும். தசைகளிலுள்ள சில தமனிகளைத் தளர்த்தவும் செய்யும்.

நெஞ்சு படபடக்கிறதே என்று பீட்டா ஏற்பிகளை முதலில் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? தமனிகளைத் தளர்த்தும் வழி அடைபட்டுவிடும். இறுக்கும் வழியோ திறந்தே இருக்கும். தடை கூடும், பம்பின் வலிமை குறையும். குழாயை மேலும் மிதித்துக்கொண்டே பம்பின் மின்சாரத்தையும் குறைப்பது போன்றது இது. ஆகவே டாக்சசோசின் அல்லது பீனாக்ஸிபென்சமைன் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்தை முதலில் கொடுத்துக் குழாய்களைத் தளர்த்துவர். அதன் பின்னரும் நாடி விரைவாக இருந்தால் மட்டுமே பீட்டா தடுப்பு மருந்தைச் சேர்ப்பர்.

கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சைக்கும் காலம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் செய்தால் கரு கலையக்கூடும்; இறுதி மாதங்களில் பெரிதாகிவிட்ட கருப்பை வழியை மறைக்கும். எனவே செய்வதானால் 24 வாரத்துக்கு முன், இடைப்பட்ட மாதங்களில் செய்வது வழக்கம். இல்லையேல் மருந்தால் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, குழந்தை பிறந்த பின்னர் அகற்றுவர். மேலே சொன்ன 2021 ஆய்வில், கர்ப்ப காலத்திலேயே அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிட நன்மை அடைந்ததாகத் தெரியவில்லை. கட்டியை முன்னரே கண்டதும் ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்ததுமே பெரும் பயன் தந்தன. எல்லாவற்றிலும் சிறந்தது, கருவுறுமுன் கண்டு, கருவுறுமுன் அகற்றிவிடுவதுதான்.

தீங்கின்றிப் பார்ப்பது எப்படி?

குழந்தை வயிற்றில் இருக்கும்போது தாயின் உடலுக்குள் பார்க்க வேண்டுமானால் எக்ஸ் கதிர்களை இயன்றவரை தவிர்க்க வேண்டும். காரணத்தை எண்களால் காண்போம். நோயறிய உதவும் எக்ஸ் கதிரின் ஒரு ஃபோட்டானுக்குப் பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. ஒரு வேதிப் பிணைப்பை முறிக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே எக்ஸ் கதிர், செல்லினுள் இருக்கும் மரபணுப் பொருளையே வெட்டவல்லது.

காந்த ஒத்ததிர்வுப் படம் எனப்படும் எம்.ஆர்.ஐ. முறை அப்படிப்பட்டதன்று. 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் அது பயன்படுத்தும் ரேடியோ அலையின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். பிளாங்க் மாறிலியால் பெருக்கிப் பார்த்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 40 இலட்சத்தில் ஒரு பங்கு என்று வரும். இது எந்தப் பிணைப்பையும் முறிக்காது. மீயொலிச் சோதனையோ வெறும் ஒலி அலை. சிறுநீரகத்தையும் சிசுவையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். கண் மருத்துவர் விழித்திரையைப் பார்ப்பதற்கு ஒளியே போதும்.

எம்.ஆர்.ஐ.-யில் ஓர் எச்சரிக்கை உண்டு. கட்டிகளைத் தெளிவாகக் காட்டுவதற்காக ‘கடோலினியம்’ சேர்ந்த மருந்தை ஊசி வழியே செலுத்துவது வழக்கம். இது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடையும். எனவே கருவுற்ற பெண்ணுக்கு இதைத் தவிர்ப்பர். கடோலினியத்துடன் கூடிய தெளிவான படத்தைக் கருவுறுமுன் எடுத்து வைத்துக்கொண்டு, மூளையிலோ தண்டுவடத்திலோ கட்டி இருப்பது தெரிந்தவர்களுக்கு நான்காம் மாத அளவில் அது இல்லாமல் ஒரு படம் எடுத்து ஒப்பிடுவது ஒரு முறை. இடையில் விடாத தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் ‘மசக்கை’ என்று விட்டுவிடாமல் உடனே பார்க்க வேண்டும்.

மூடிய பெட்டிக்குள் அழுத்தம்

மண்டையோடு விரியாத பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் நெருக்கமாக உள்ளன. சிறுமூளைக் கட்டியும் அதைச் சூழ்ந்த நீர்ப்பையும் பெரிதானால், பெட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. பிரசவத்தின்போது தாய் மூச்சைப் பிடித்து முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, தலையிலிருந்து இரத்தம் இறங்குவது தடைப்படுகிறது. தலைக்குள் அழுத்தம் மேலும் ஏறுகிறது. நலமான பெண்ணுக்கு இதனால் ஒன்றுமில்லை. தலைக்குள் அழுத்தம் ஏற்கெனவே மிகுந்திருப்பவருக்கு ஆபத்து. இத்தகையோருக்குச் சிசேரியன் முறையைத் தேர்ந்தெடுப்பர். தொல்லை தராத சிறு கட்டிகள் மட்டும் உள்ள தாய்மார் பலர் இயல்பாகவே பிரசவிக்க முடியும்.

வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடும் முறையிலும் இதே கணக்கு வருகிறது. ஊசி தண்டுவட உறையைத் துளைத்தால் நீர் கசிந்து கீழே அழுத்தம் குறையும். மேலே மிகுந்த அழுத்தம், கீழே குறைந்த அழுத்தம்! திரவம் எப்போதும் அழுத்தம் குறைந்த பக்கம் பாயும் அல்லவா? மூளையும் அப்பக்கம் பிதுங்க முயலும். அது உயிருக்கே ஆபத்து. ஊசி செல்லும் வழியில் ஒரு கட்டி இருக்கவும் கூடும். எனவே மயக்க மருத்துவர் முதுகின் படத்தை முன்பே பார்த்தாக வேண்டும். மகப்பேறு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், கண் மருத்துவர், சுரப்பியியல் மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகிய அனைவரும் முன்கூட்டியே கூடிப் பேசி வைத்தால், வலி கண்ட இரவில் தடுமாற நேராது.

பிறக்கும் குழந்தைக்கு

தாயின் மரபணுவில் பழுது எங்கே என்பது தெரிந்திருந்தால், குழந்தை அதைப் பெற்றுள்ளதா என்று சோதிக்க முடியும். கருவிலேயே சோதிக்கலாம், பிறந்த பின் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டும் சோதிக்கலாம். எப்போது சோதிப்பது, சோதிப்பதா வேண்டாமா என்பது பெற்றோர் முடிவு செய்ய வேண்டியது. மரபியல் ஆலோசகரின் வேலை, உண்மைகளை எடுத்துச் சொல்வதே தவிர முடிவைத் திணிப்பது அன்று.

பழுதைப் பெறாத குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் சோதனைகள் தேவையில்லை. வீண் அச்சமும் தேவையில்லை. பெற்ற குழந்தைக்கு ஒரு வயதுக்கு முன்பே கண் பரிசோதனை தொடங்கும். வயது ஏற ஏற மற்றச் சோதனைகள் சேரும். அந்தக் குழந்தைக்குப் பாட்டிக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. தன் உடலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரியும்.

மாணவ நண்பர்களே, இந்நோயை அடியோடு போக்கும் வழி இன்னும் கைவரவில்லை. பழுதுபட்ட மரபணுவோடு பிறந்த பெண்ணுக்கு அது என்றும் உடன் இருக்கும். ஆனால் அதே கட்டி, அறியாதிருந்தபோது தாயையும் சேயையும் சேர்த்துக் கொண்டுபோனது. அறிந்தபோது சில மாத்திரைகளுக்கும் ஒரு திட்டத்துக்கும் கட்டுப்பட்டது. இடையில் மாறியது, நாம் தெரிந்துகொண்ட காலம் மட்டுமே. உங்கள் குடும்பத்திலோ அண்டையிலோ பரம்பரை நோய் ஒன்று இருந்தால், அதை மறைத்து வைப்பது பெருமையும் அன்று, பாதுகாப்பும் அன்று. திருமணமான பெண் மருத்துவரிடம் முதல்முறை செல்லும்போதே அதைச் சொல்லிவிடுவது, இரண்டு உயிர்களுக்குச் செய்யும் உதவி.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஒரு சிறு தமனியின் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே அளவு இரத்தத்தைச் செலுத்த அழுத்தம் எத்தனை மடங்காக வேண்டும்?

2. இந்நோயுள்ள தாய்க்கு மூன்று குழந்தைகள். மூவருமே பழுதுபட்ட மரபணுவைப் பெறாதிருக்கும் வாய்ப்பு என்ன?

3. கோள வடிவமான ஒரு கட்டியின் விட்டம் 2 செ.மீ.-இலிருந்து 3 செ.மீ. ஆகிறது. அதன் கன அளவு எத்தனை மடங்காயிற்று? விட்டத்தை மட்டும் பார்ப்பவர் வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவது ஏன்?

விடைகள்: 1. ஏறத்தாழ 2.44 மடங்கு. 2. 8-இல் 1. 3. ஏறத்தாழ 3.4 மடங்கு, கன அளவு விட்டத்தின் மூன்றாம் படிக்கு நேர்விகிதத்தில் கூடுவதால்.